மாரியும் மோட்டார் சைக்கிளும்: மட்டக்களப்பில் ஒரு கியூவுக்கு எந்தக் கேஸ்?

அத்தான் கத்தாரில் இருந்து வரும்போது என் மருமகனுக்கு ஒரு பூல் கியூ, அதாவது மேசையில் பந்து அடிக்கும் நீளக் கோல், கொண்டுவந்தார். நடுவில் கழற்றி இரண்டாக்கும் கியூ. முழு நீளம் 58 அங்குலம், ஒவ்வொரு பாதியும் 29 அங்குலம். பெரிய சூட்கேஸ் ஒன்றில் மூலைக்கு மூலை கிடத்தினால் 29 அங்குலம் மட்டுமட்டாக அடங்கும். கேஸ் அடங்காது, சாதாரண கியூ கேஸ் ஒன்றே 33 அங்குலம் வரும். அதனால் கியூவோடு வாங்கிய கேசை அங்கே கூட்டாளி ஒருவரிடம் விட்டுவிட்டு, கியூவை மட்டும் துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த நாளே களுவாஞ்சிகுடியில் இருந்து மருமகன் போன் எடுத்தான். "மாமா, கியூ வந்திட்டுது. என்ன கேஸ் வாங்கட்டும்?"

போனில் ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடத்தில் நான் நான்கு கேஸ் மாற்றியிருக்கிறேன். அதில் மூன்று, வேறு ஊருக்குச் செய்யப்பட்டவை என்று பிறகுதான் விளங்கியது. இணையத்தில் வரும் கேஸ் ஒப்பீடுகளை எழுதுபவர்கள் காரின் பின்பெட்டியில் கேசை வைத்து, குளிரூட்டிய மண்டபத்துக்குப் போய், குளிரூட்டிய வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். நமக்கு மோட்டார் சைக்கிள், பஸ், வருடத்தில் மூன்று மாத மாரி, பக்கத்தில் உப்புக்காற்று. கல்லடியில் இருப்பவருக்குக் கடலும் வாவியும் இரண்டு பக்கமும். இதையெல்லாம் வைத்துத்தான் கேசை அளக்க வேண்டும். மருமகனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஈரம்

கியூ கேஸ் என்றால் அடிபடாமல் காக்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம்முடைய ஊரில் அடியைவிட ஈரம்தான் கியூவைக் கெடுக்கிறது.

கியூவின் மெல்லிய பாதியான ஷாஃப்ட் பெரும்பாலும் மேப்பிள் மரம். ஸ்னூக்கர் கியூவானால் ஆஷ் மரம் அதிகம். எந்த மரமும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தானும் நீரைக் குடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் நிற்கும். ஈரப்பதன் 80 ஆனால் அது 16 வரை ஏறும். மாரியில் வீட்டுக் கதவு இறுகிப்போய்த் தோளால் தள்ளித் திறக்கிறோமே, அதே சங்கதிதான். வைகாசி, ஆனியில் மலைப்பக்கத்தில் இருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே கதவு தளர்ந்து கிடக்கும். கதவுக்கு அது பெரிய விடயம் இல்லை. நுனியில் 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஷாஃப்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஈரம் ஏறி இறங்குவதால் மட்டும் ஷாஃப்ட் வளைந்துவிடாது. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் குடிக்கும்போதுதான் வளைகிறது. பையின் அடிப்பக்கம் நனைந்து மேல்பக்கம் காய்ந்திருந்தால், அல்லது சுவரில் சாய்த்துவைத்த கியூவின் ஒரு பக்கத்தில் சுவரின் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், அதுதான் நடக்கும். அதனால் கேஸ் செய்ய வேண்டிய முதல் வேலை, ஈரம் ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்குவது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடக்கவிடுவது. முற்றாக அடைத்துவிடுவதும் சரிவராது. வியர்த்த கையால் இரண்டு மணித்தியாலம் விளையாடிவிட்டுக் கியூவை உடனே காற்றுப்புகாத குழாய்க்குள் போட்டு மூடினால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம்.

இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏசி போட்ட இடத்தில் விளையாடிவிட்டு இரவில் வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி புகைமூட்டமாகிறது அல்லவா? வெளியில் 30 பாகை சூடும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் காற்றில் உள்ள ஈரம் பனியாகப் படியும். ஏசியில் கிடந்த கியூ 22, 23 பாகையில் இருக்கும். வாசலில் நின்று கதைத்துக்கொண்டே கியூவைக் கழற்றினால் அதன் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். உள்ளேயே துடைத்து, உள்ளேயே கேசுக்குள் வைத்து மூட வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகும் அரை மணித்தியாலம் மூடியபடியே வைத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும். கனத்த சுவருள்ள கேசுக்கு இதில் ஒரு நன்மை உண்டு: உள்ளே இருக்கும் கியூ மெதுவாகச் சூடேறும். மெல்லிய பைக்கு அது இயலாது.

காபன் ஃபைபர் ஷாஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷாஃப்ட் வளையும் பயம் இல்லை. ஆனால் அவர்களின் கியூவிலும் பட் எனப்படும் தடித்த பாதி பெரும்பாலும் மரம்தான், பந்தில் படும் நுனியான டிப் தோல்தான். அடுக்கடுக்காக ஒட்டிய தோல் டிப் ஈரத்தில் ஊதி மெத்தென்று ஆகிவிட்டால் அடித்த பந்து சொன்ன இடத்துக்குப் போகாது.

கடையில் கிடைப்பவை

கியூவோடு சும்மா வரும் மெல்லிய பை. வினைலிலோ நைலோனிலோ தைத்திருக்கும், உள்ளே ஒரு தடுப்பு, மேலே ஒரு சிப். என் முதல் கியூ இதில்தான் கிடந்தது. கல்முனைக்குப் பஸ்ஸில் போனபோது மேல்தட்டில் வைத்தேன். வழியில் யாரோ அதன்மேல் ஒரு வெங்காய மூட்டையை ஏற்றிவிட்டார்கள். இறங்கும்போது பார்த்தால் ஷாஃப்டில் விரல்நுனியில் உணரக்கூடிய ஒரு பள்ளம். கியூவை விரல்களுக்கிடையில் ஓட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளம் தட்டுப்படும். பள்ளத்தின்மேல் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டி நுனியால் மெதுவாக ஆவி கொடுத்துப் பாதி எழுப்பினேன். முழுதாக வரவில்லை. விளையாடும் இடம் வீட்டில் இருந்து நடைதூரம் என்றால் இந்தப் பை போதும். பஸ் ஏறுகிறவர் இதை நம்ப வேண்டாம்.

அலுமினியப் பெட்டி. பார்ப்பதற்கு ஒரு கம்பீரம் உண்டு. கியூவின் வடிவத்துக்கே பஞ்சு வெட்டியிருக்கும், பூட்டுச் சாவியும் இருக்கும். என் இரண்டாவது கேஸ் அதுதான். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெறுமதியான எதையும் நிலத்தில் வைப்பதில்லை, அலுமாரிக்கு மேலேதான் வைத்தேன். ஒரு மாரி முழுவதும் வேலை காரணமாக விளையாடப் போகவில்லை. பொங்கலுக்கு மறுநாள் திறந்தபோது பிடியில் சுற்றிய தோலில் வெண்பூஞ்சணம். பஞ்சு பிசுபிசுத்து வார்னிஷில் ஒட்டியிருந்தது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வைப்பது பொலியூரித்தேன் பஞ்சு. சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் அது சில வருடங்களில் உடைந்து பொடியாகும் அல்லது பிசினாகும். பூட்டும் ரிவிட்டும் இரும்பானால் கடற்கரைப் பக்கம் ஒரு வருடத்தில் துருவேறும். மோட்டார் சைக்கிளில் கைபிடி உள்ள பெட்டியை எப்படிக் கொண்டுபோவது? பின்னால் ஒருவர் இருந்து மடியில் வைத்தால்தான் உண்டு. கார் வைத்திருப்பவர் வாங்கலாம். அவரும் பஞ்சின்மேல் ஒரு பருத்தித்துணியை விரித்து, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்கவே கூடாது. மூடிய காருக்குள் சூடு 50 பாகையைத் தாண்டும், டிப்பையும், இரண்டு பாதியும் சேரும் மூட்டின் பகுதிகளையும் பிடித்திருக்கும் பசைக்கு அது நல்லதில்லை.

தோல் கேஸ். தோலில் கைவேலை செய்த கேஸ் ஒன்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. எனக்கும் ஆசைதான். ஆனால் கார்த்திகை, மார்கழியில் செருப்புத்தட்டில் கிடக்கும் தோல் சப்பாத்து என்ன நிறமாகிறது என்று பாருங்கள். வாரம் தவறாமல் துடைத்துப் பராமரிக்கிறவருக்கு மட்டும் தோல் சரிவரும்.

வெளிநாட்டில் இருந்து வரும் குழாய்க் கேஸ். கியூ விளையாடுகிறவர்கள் உலகம் முழுவதும் நம்புவது இந்த வகையைத்தான். உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குழாய். 1×1, 2×2, 2×4 என்று எழுதியிருப்பதில் முதல் எண் எத்தனை பட், இரண்டாவது எத்தனை ஷாஃப்ட் என்பது. ஒரு கியூவுக்கு இரண்டு ஷாஃப்ட் வைத்திருப்பவர்கள் இருப்பதால் இரண்டாவது எண் பெரிதாக வரும். பாதுகாப்பில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. குறை இரண்டு. இங்கே வந்துசேரும்போது விலை கியூவின் விலையையே எட்டிவிடும். அப்புறம், விலை குறைந்தவற்றில் வெளியே போர்த்தியிருப்பது பெரும்பாலும் பீயூ எனப்படும் போலித்தோல். பஞ்சுக்குச் சொன்ன அதே பொலியூரித்தேன்தான் இதிலும். நம்முடைய காற்றில் மூன்று நான்கு வருடத்தில் செதில் செதிலாக உரியும். என் மூன்றாவது கேசுக்கு அதுதான் நடந்தது. உள்ளே குழாய்கள் புதிதுபோல இருந்தன, வெளியே தோலுரிந்த பாம்புபோல் கிடந்தது. அதைத் திரும்பப் போர்த்துவதற்காகத்தான் முதன்முதலாகக் காத்தான்குடியில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். எனக்கு உண்மையான தெளிவு வந்தது அந்தக் கடையில்தான்.

குஷன் கடையில் தைப்பது

ஓட்டோ சீட், மோட்டார் சைக்கிள் சீட், வான் சீட் எல்லாம் தைக்கிற கடை. அங்கே இருந்த கடைக்கார நானா என் கேசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதத் திருத்துற காசுக்குப் புதுசே தைக்கலாம். பைப்ப மட்டும் கொண்டுவாங்க" என்றார். அவர் கியூவை அதற்குமுன் கையில் தொட்டதில்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஒரு பொருளை எதால் போர்த்த வேண்டும், எங்கே தையல் பிரியும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குக் கியூ தெரியும். இரண்டையும் சேர்த்துத் தைத்த கேஸ்தான் என் நாலாவது கேஸ். ஏழு மாரி கண்டுவிட்டது.

குழாய் முதலில். ஹாட்வெயர் கடையில் எஸ்லோன் பைப் என்று கேட்டாலே பீவிசி குழாயை எடுத்துத் தருவார்கள். பூல் கியூவின் பட் அடிப்பக்கத்தில் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் விட்டம். 40 மில்லிமீற்றர் குழாயில் மெல்லிய வகையை எடுத்தால் உள்விட்டம் 36 வரும். ஒரு துணியுறைக்கு இடம்விட்டு அளவாக இருக்கும். ஷாஃப்ட் மூட்டுப் பக்கத்தில் 21, 22 மில்லிமீற்றர், அதற்கு 32 மில்லிமீற்றர் குழாய். நீளம் 31 அங்குலம். 29 அங்குலத் துண்டுக்கு மூட்டு மூடியும் அடிப் பஞ்சும் வைக்க இந்த இரண்டு அங்குலம் வேண்டும்.

இரண்டு கியூ கொண்டுபோகிறவருக்கு இப்படி நான்கு குழாய். குழாய்கள் மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். இரண்டு கியூவும் சேர்ந்தால் இன்னொரு கிலோவுக்குச் சற்று மேல். அதோடு பஞ்சு, ரெக்சீன், பட்டி. ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிதாகத் தைக்க வேண்டாம். மருமகனைப்போல ஒரே கியூ வைத்திருப்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. 63 மில்லிமீற்றர் குழாய் ஒன்று போதும். 32 உம் 22 உம் சேர்ந்து 54. உள்ளே 59 வரை இடம் இருக்கும். இரண்டு துண்டையும் தனித்தனித் துணியுறையில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கலாம். குழாய் அரைக் கிலோகூட வராது.

அந்தத் துணியுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக் கேஸ்களில் குழாயின் உட்சுவரில் வெல்வெட் ஒட்டியிருக்கும். அழகுதான், ஆனால் டிப்பில் பூசும் சோக்கின் தூளும் வியர்வையும் அதில் ஏறினால் கழுவ வழியில்லை. நான் ஒட்டவில்லை. வீட்டில் கிடந்த பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை 15 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாக வெட்டி, மடித்து, நீளமான காலுறைபோல மனைவி தைத்துத் தந்தா. பலமுறை துவைத்த கைத்தறி மெத்தென்று இருக்கும், ஈரத்தை வாங்கும், கழற்றித் துவைத்து வெயிலில் போடலாம். இரண்டு சோடி தைத்தால் ஒன்று கொடியில், ஒன்று கேசில். என் கேசில் நான் மிகவும் விரும்பும் பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

துணியுறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரெக்சீனை மெதுவாக்குவதற்காக அதில் ஒரு எண்ணெய்த்தன்மையான பொருள் சேர்ப்பார்கள். ரெக்சீன் நேரடியாக வார்னிஷில் நாட்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பொருள் கசிந்து வார்னிஷைப் பிசுபிசுக்க வைக்கும். கியூவின் உடம்பில் எந்த இடத்திலும் ரெக்சீன் தொடக்கூடாது. இதைத் தைப்பவரிடம் சொல்லாவிட்டால் வாய்ப்பக்கத்து மடிப்பை அவர் அழகாக உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்.

வெளிப்போர்வைக்கு ரெக்சீனா கன்வசா? நானும் நானாவும் அரை மணித்தியாலம் கதைத்தது இதைப் பற்றித்தான். கன்வஸ் மூச்சுவிடும், ஆனால் மழையில் ஊறினால் காய இரண்டு நாள். மாரியில் அந்த இரண்டு நாள் கிடைக்காது. ஓட்டோ சீட்டுக்குப் போடும் பீவிசி ரெக்சீன் வருடக்கணக்கில் வெயிலையும் மழையையும் தாங்குவதைத் தினமும் பார்க்கிறோம். அதைத்தான் போட்டோம். மூச்சுவிட வேறு ஏற்பாடு: அடி மூடியில் ஐந்து மில்லிமீற்றர் துளை இரண்டு, அதற்கு உள்பக்கமாக நுளம்பு வலைத்துண்டு. துளை கீழ்ப்பார்த்து இருப்பதால் மழை உள்ளே வராது, வலை இருப்பதால் எறும்பும் கரப்பானும் குடியேறாது. குழாய் முற்றாக அடைபட்டிருந்தால் கியூவை இழுக்கும்போது காற்று உறிஞ்சிப் பிடிக்கும், அந்தத் தொல்லையும் இந்தத் துளையால் போய்விடும்.

குழாய்க்கும் ரெக்சீனுக்கும் இடையே பஞ்சு. சீட்டுக்குப் போடும் மஞ்சள் ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடிக்கும், வேண்டாம். புதுத் தொலைக்காட்சி வாங்கும்போது சுற்றிவரும் வெள்ளை நுரைத்தாள் இருக்கிறதே, அதன் தடித்த வகை நல்லது. தண்ணீர் ஏறாது. குழாயின் அடியில் தேய்ந்த றப்பர் செருப்பில் இருந்து வட்டமாக வெட்டிய இரண்டு வில்லை. மோட்டார் சைக்கிள் ஒரு குழியில் விழும்போது கேசுக்குள் கியூவும் மேலெழுந்து கீழே விழுகிறது. பட்டின் அடியில் றப்பர் பம்பர் இருப்பதால் அது தாங்கும். ஷாஃப்டை டிப் கீழே இருக்கும்படி இறக்கினால் ஒவ்வொரு குழியும் டிப்பின் தலையில் விழும் சுத்தியல். சிலர் டிப்பைக் கீழே வைப்பதையே விரும்புகிறார்கள், எடுக்கும்போது தடித்த பக்கம் கையில் வரும் என்பதற்காக. நம் தெருக்களுக்கு நான் அதற்கு உடன்படமாட்டேன். மூட்டுக்கு மூடி பூட்டி, மூட்டைக் கீழேயும் டிப்பை மேலேயும் வைக்க வேண்டும். சோக் தூளும் அடியில் போய்ச் சேராது, அடியில் ஈரம் தேங்கினாலும் டிப்பில் படாது.

இனிப் பட்டி. கேஸ் தைக்கும்போது பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். தோள்பட்டியை ரெக்சீனின்மேல் வைத்துத் தைத்தால், ஊசி போட்ட துளைகளின் வரிசையிலேயே ரெக்சீன் ஒருநாள் கிழியும். தபால் முத்திரை கிழிவதுபோல. பட்டி கேசின் அடியைச் சுற்றி வளைந்து, குழாயையே தாங்கி, மறுபக்கத்தால் மேலே வர வேண்டும். ரெக்சீன் அதை இடத்தில் பிடித்துவைத்தால் மட்டும் போதும். சீட் பெல்ட் நாடா குஷன் கடையிலேயே இருக்கும். மோட்டார் சைக்கிளில் முதுகுக்குக் குறுக்காக, ஒரு தோளில் இருந்து மறுபக்க இடுப்புக்குச் சாய்வாகக் கிடக்க வேண்டும். பள்ளிப்பைபோல இரண்டு தோளில் போட்டால் 33 அங்குலத்தின் மேல்முனை ஹெல்மெட்டில் இடிக்கும், கீழ்முனை சீட்டில் இடிக்கும். சாய்வாகப் போடும் பட்டியின் கீழ்ப் பிணைப்பு கேசின் அடிநுனியில் இருக்கக்கூடாது, அடியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் கேஸ் முதுகில் ஒட்டிக் கிடக்கும், திரும்பும்போது ஆடாது. இதைச் சரிபார்க்க ஒரே வழி, கடையில் குத்தூசியால் பட்டியைப் பிடித்து வைத்து, மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து பார்ப்பதுதான். நானா அதற்காகவே என்னை இரண்டு தரம் ஏற்றி இறக்கினார்.

வாய்க்கு நீளச் சிப்பை விட்டுவிட்டேன். சிப்பின் பல்லிடையே மழை ஊறும். உலோகச் சிப் உப்புக்காற்றில் இறுகும். தொப்பிபோல எட்டு சென்ரிமீற்றர் கீழிறங்கி மூடும் மூடி, இரண்டு பிளாஸ்ரிக் பக்கிள். சோக், துவாய், மூட்டு மூடிகளுக்கு வெளிப்பக்கம் ஒரு பை, அதற்கு மட்டும் நைலோன் சிப். சோக்கை ஒருபோதும் குழாய்ப் பக்கம் விடக்கூடாது.

நிறத்தைப் பற்றியும் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர் நிறத்தை அழகுக்குத் தெரிவார்கள். இந்த மண்ணில் நீளமான கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது எப்போதும் சாதாரண விடயமாக இருந்ததில்லை. யுத்த காலத்தில் வளர்ந்த எங்களுக்கு அது உடம்பில் ஊறிய எச்சரிக்கை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மாதங்களில் என்னை வீதிச் சோதனையில் நிறுத்தினார்கள். கறுப்புக் குழாயின் உள்ளே என்ன என்று கேட்டபோது, இறுகிய சிப்பைத் திறக்க என் கை நடுங்கியது. திறந்து காட்டினேன், பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆனால் அந்த அரை நிமிடம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் புதுக் கேசைச் செங்கல் சிவப்பில் தைத்தேன். இராணுவப் பச்சையும் கறுப்பும் வேண்டாம் என்று மருமகனிடமும் சொன்னேன். இரண்டு பக்கிளைத் தட்டினால் ஒரு நொடியில் உள்ளே இருப்பது தெரிய வேண்டும்.

ஸ்னூக்கர் கியூ ஆனால்

நடுவில் கழறாமல் அடிப்பக்கமாகக் கழறும் முக்கால் மூட்டு உள்ள ஸ்னூக்கர் கியூவின் நீளத் துண்டு 42 அங்குலம் அளவில் வரும். அதற்கான கேசை முதுகில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. கல்லடிப் பாலத்தில் பக்கத்தால் வரும் பஸ்ஸில் கொளுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டோவில் போங்கள், அல்லது பின்னால் ஒருவரை ஏற்றி அவர் கையில் கொடுங்கள். புதிதாக வாங்கப்போகிறவர், தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவரானால், நடுமூட்டுக் கியூவை எடுப்பதே நல்லது என்று நான் சொல்வேன். முக்கால் மூட்டின் அடி உணர்வு மேல் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒற்றைத் துண்டுக் கியூ வைத்திருப்பவர் அதைக் கிளப்பிலேயே ஒரு பூட்டுப்பெட்டியில் வைப்பதுதான் வழி.

எதை எடுப்பது

வாரத்தில் ஒருநாள் நடந்துபோய் விளையாடுகிறவருக்கு மெல்லிய பையும் உள்ளே இரண்டு துணியுறையும். கார் உள்ளவருக்கு வெளிநாட்டுக் குழாய்க் கேஸ், காசு இருந்தால். போட்டிக்கு உதயதேவியில் ஏறிக் கொழும்பு போகிறவருக்கும் அதுவே, ஏனென்றால் நாள் முழுவதும் ரயிலில் யார் யார் பெட்டியோ அதன்மேல் ஏறும். மற்ற எல்லாருக்கும், அதாவது நம்மில் பெரும்பாலானோருக்கு, குஷன் கடைக் கேஸ். விலையில் மட்டும் அது முந்தவில்லை. கிழிந்தால் தைத்தவரிடமே கொண்டுபோகலாம். இரண்டாவது கியூ வந்தால் இன்னொரு குழாய் சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பீவிசி குழாய்க்கு 60 பாகையைத் தாண்டிய சூடு ஆகாது, வானின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுவது நல்லதுதான். நீலமணி கலந்ததை வாங்கினால் ஈரம் நிறைந்ததும் இளஞ்சிவப்பாகும், அடுப்புச் சூட்டில் வறட்டித் திரும்பப் போடலாம். அரிசியைப் பொட்டலம் கட்டிப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதில் வண்டுதான் வரும்.

மருமகனின் தாயான என் அக்காவுக்கு இன்னும் இந்த விளையாட்டில் மனம் இல்லை. கியூவைத் தூக்கிக்கொண்டு திரிகிற பிள்ளை கெட்டுப்போவான் என்ற பேச்சு அவ வளர்ந்த காலத்துப் பேச்சு. 1973 இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாஃபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றதையும், இந்த நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் உலகப் பட்டமாக அதைச் சொல்கிறார்கள் என்பதையும் அவவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, துணியுறை தைக்க என்று உள்ளே போய்த் தன் பெட்டியில் இருந்து ஒரு பழைய சாரத்தை எடுத்துவந்து தந்தா.

வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் போகலாம் என்று நானா சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: அளவைத் துண்டில் எழுதிக்கொண்டு போகாதே, கியூவையே கொண்டு போ. பம்பரும் மூட்டு மூடியும் பூட்டியபடி, துணியுறையும் போட்டபடி, அவர் கண்முன்னால் குழாய்க்குள் இறக்கிப் பார்த்த பிறகு குழாயை அறுக்கச் சொல். மோட்டார் சைக்கிளிலேயே போ, பட்டி பிடிக்கும்போது அது வேண்டும்.